படுத்துப் பாக்காம பெட்ரூமுக்கு லைட் வாங்காதீங்க

புது வீட்ல முதல் நாள் ராத்திரி, பால் காய்ச்சின களைப்புல கட்டில்ல மல்லாக்க விழுந்தேன் பாருங்க, அப்பதான் மண்டைக்கு உறைச்சுது என்ன வேலை பண்ணி வச்சிருக்கேன்னு. கண்ணுக்கு நேரா, சீலிங்குக்குள்ள பதிச்ச ஆறு டவுன்லைட்டு, ஒவ்வொண்ணும் 12 வாட்டு, பளீர் வெள்ளை. பல் டாக்டர் சேர்ல படுத்த மாதிரியே இருந்துச்சு. வீட்டுக்காரம்மா பக்கத்துல முழங்கைய கண்ணு மேல போட்டு மூடிக்கிட்டு, "ஏங்க, இது பெட்ரூமா ஜவுளிக்கடையா"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல. அந்த ஆறையும் நாந்தான் கடையில நின்னு அண்ணாந்து பாத்து "சூப்பரா இருக்கு, இதையே குடுங்க"ன்னு சொல்லி வாங்கினேன்.

நின்னுக்கிட்டு பாத்தேன், தப்பு அங்கதான் நடந்துச்சு. ஹால்ல டிவிய பாப்போம், கிச்சன்ல அடுப்ப பாப்போம், பெட்ரூம்ல மட்டும்தாங்க சீலிங்க பாத்துக்கிட்டு கிடப்போம். அதனால மேல எத வச்சாலும் அது நேரா கண்ணுக்குள்ளதான் வந்து விழும். இந்த ஒரு விஷயம் முன்னாடியே புரிஞ்சிருந்தா எனக்கு பதினோராயிரம் ரூபா மிச்சம், வீட்ல ரெண்டு நாள் பட்டி தூசியும் மிச்சம்.

கதைய கொஞ்சம் முன்னாடிலேர்ந்து சொல்றேன். தாம்பரம் தாண்டி ரீசேல்ல வாங்கின டூ பெட்ரூம் ஃபிளாட்டு, எங்க ரூம் 10க்கு 12 அடி, ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் நாங்க வந்தப்புறம் போட்டது. சீலிங் போட்டவங்க ஒரு பேக்கேஜ் மாதிரி சொன்னாங்க, ரூமுக்கு ஆறு டவுன்லைட், சுத்தி கோவ்ல, அதாவது சீலிங் ஓரத்துல விடற மறைவான பள்ளத்துல, ரிப்பன் மாதிரி ஸ்ட்ரிப் லைட், நடுவுல ஃபேன். எல்லா வீட்டுக்கும் இதேதான் சார் போடறோம்னாங்க. எல்லா வீட்டுக்கும் இதேதான்னா அதுல ஏதோ யோசிச்சு செஞ்சிருப்பாங்கன்னு நானும் தலையாட்டிட்டேன், அவங்க யோசிச்சது ஜிப்சம் பலகைய எப்படி வெட்டினா வேஸ்டாகாதுன்னு மட்டும்தான்னு இப்ப தோணுது.

அப்புறம் ஒருநாள் உக்காந்து கணக்கு போட்டேன். 12 வாட் எல்இடி சுமாரா 1,100 லூமென் வெளிச்சம் குடுக்கும், ஆறுக்கு 6,600. ரூம் 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். வகுத்தா ஒரு சதுர மீட்டருக்கு 600, அதுல சுவரு, அலமாரி, தூசின்னு பாதி போயிட்டாலும் 300 லக்ஸ் நிக்கும், சதுர மீட்டருக்கு எத்தன லூமென் விழுதுங்கறதுதான் லக்ஸ். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி வேலை பாக்கறதுக்கு வைக்கிற அளவு அது, 300லேர்ந்து 500. தூங்கற ரூமுக்கு பொது வெளிச்சம் 100 லக்ஸ் இருந்தா தாராளம். நான் படுக்கறதுக்கு ஒரு ஆபீஸ் கட்டி வச்சிருந்தேன், ஏசியும் போட்டு. கடைக்குப் போனா வாட்டு கேக்காதீங்க, டப்பாவுல லூமென்னு போட்டிருப்பான், அத பாருங்க. பழைய 60 வாட் குண்டு பல்பு 700, 800 லூமென்தான், அது ஒண்ண வச்சுக்கிட்டுதான் நம்ம அம்மா அப்பா தலைமுறை பெட்ரூம ஓட்டுச்சு, அதுக்கு பெட்ரூம்னு பேரே கிடையாது அப்ப.

அடுத்த வில்லன் ஃபேனு. இத யாருமே எங்கிட்ட சொல்லல. ஆறுல ரெண்டு லைட்டு ஃபேன் மையத்துலேர்ந்து ரெண்டரை அடிலயே இருந்துச்சு. நம்ம சாதாரண ஃபேன் 48 இஞ்ச், அப்ப ரெக்கை நுனியே ரெண்டு அடி வரைக்கும் வந்துரும், சீலிங்லேர்ந்து ஒரு அடி கீழ தொங்குது வேற. லைட்டோட வெளிச்சம் ரெக்கைய தாண்டித்தான் கீழ வரணும். நிமிஷத்துக்கு 350 சுத்து சுத்துதுன்னா மூணு ரெக்கைக்கு செகண்டுக்கு பதினேழு தடவ நிழல் வெட்டும், ரூமே நடுங்கற மாதிரி இருக்கும். ஸ்பீடு ரெண்டுல வச்சா இன்னும் மோசம், நிழல் தனித்தனியா தெரியும், சுவத்துல ஏதோ பறவை பறக்கற மாதிரி சரக் சரக்குன்னு போகும். எம்பொண்ணு முதல்ல அத வேடிக்கை பாத்தா, மூணாம் நாள் தலைவலின்னா. எனக்கும் வலிச்சுது, நான் வேலை டென்ஷன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஃபேன் இருக்கற ரூம்ல டவுன்லைட் வச்சே ஆகணும்னா மையத்துலேர்ந்து நாலு அடியாவது தள்ளி, சுவத்து ஓரமா, வெளிச்சம் ரொம்ப விரியாத டைப்பா பாத்து வைங்க. வெளிநாட்டு பெட்ரூம் போட்டோவ பாத்துட்டு அதே மாதிரி வேணும்னு கேக்கறோம், அந்த போட்டோவுல ஃபேன் இருக்காது, நம்ம ஊர்ல ஃபேன் இல்லாத பெட்ரூம் உண்டா?

இதெல்லாத்தையும் கூட பொறுத்துக்கிட்டு இருந்திருப்போம், சோம்பேறித்தனம்தான். மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ண வச்சது அப்பாதான். அவருக்கு எழுபத்திரண்டு, ஒரு கண்ணுல கேட்ராக்ட் ஆபரேஷன் ஆயிருக்கு. அவர் ரூம்லயும் இதே செட்டப்பு, நாலு டவுன்லைட், சுவிட்ச் கதவுக்குப் பக்கத்துல. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்காரு, இருட்டுல தடவிக்கிட்டே சுவிட்ச் வரைக்கும் போய் போட்டா நாலும் பளீர்னு எரிஞ்சு கண்ணு கூசி ஒண்ணும் தெரியல, திரும்பி வர்றப்ப அணைச்சுட்டு கட்டிலுக்கு வரணும், இப்ப கும்மிருட்டு. கட்டில் கால்ல சுண்டுவிரல இடிச்சுக்கிட்டு ஒரு வாரம் நொண்டினாரு. "வெளிச்சம் இருந்தாலும் தெரியல, இல்லாட்டியும் தெரியல, என்ன கர்மம்டா இது"ன்னாரு. கீழ விழாம இருந்தாரே, அது எங்க நல்ல நேரம்.

கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுராத்திரி ஒரு தடவ பெரிய லைட்ட போட்டா அந்தப் பழக்கம் ஒரே நொடில போயிரும், திரும்ப முதல்லேர்ந்து. வயசானவங்களுக்கு இது ரெட்டை கஷ்டம். அறுபது வயசுல கண்ணுக்குள்ள போற வெளிச்சம் இருபது வயசுக்காரனுக்கு போறதுல மூணுல ஒரு பங்குதான்னு சொல்றாங்க, அதனால படிக்க அவங்களுக்கு நம்மள விட அதிக வெளிச்சம் வேணும், ஆனா கூச்சமும் அவங்களுக்குத்தான் அதிகம். ஆக வெளிச்சம் நிறைய வேணும், பல்பு கண்ணுக்கு தெரியவும் கூடாது.

எங்க பாட்டி வீட்ல விடிவிளக்குன்னு ஒண்ணு இருக்கும், மாடத்துல சின்னதா திரிய இறக்கி வச்சிருப்பாங்க, விடியற வரைக்கும் எரியும். அப்புறம் அந்த இடத்துக்கு ஜீரோ வாட் பல்பு வந்துச்சு, பச்சை, சிவப்பு, நீலம்னு. பேருதான் ஜீரோ, அது 10, 15 வாட்டு இழுத்துச்சுங்கறது வேற கதை. இப்ப மாடர்ன் பெட்ரூம்னு சொல்லி ஆறு டவுன்லைட் வைக்கிறோம், விடிவிளக்க தூக்கிட்டோம். பௌர்ணமி நிலா வெளிச்சம் கால் லக்ஸ்தான் இருக்கும், அதுல வரப்புல நடந்து போயிருக்காங்க மனுஷங்க. பாத்ரூம் போறதுக்கு 300 லக்ஸ் எதுக்கு?

அப்பா ரூம்ல முதல் வேலையா கட்டிலுக்கு அடில ஒரு முழ நீளத்துக்கு மஞ்ச ஸ்ட்ரிப், மோஷன் சென்சாரோட, பாத்ரூம் பக்கம் பாத்து ஒட்டினேன். காலை கீழ வச்சா தரை மட்டும் லேசா தெரியும், ஒரு நிமிஷத்துல தானா அணைஞ்சுரும். முதல் ரெண்டு நாள் அது அவர் புரண்டு படுத்து கை தொங்கினாக்கூட எரிஞ்சுது, ஏசி ஓடறப்ப கர்ட்டன் ஆடினாலும் எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சென்சார் மேல இருக்கற அந்த வெள்ளை குமிழ்ல மேல் பாதிய இன்சுலேஷன் டேப் வச்சு ஒட்டி மறைச்சேன், தரை மட்டத்துல அசையறது மட்டும் தெரியற மாதிரி. சரியாயிருச்சு. அஞ்சு ரூபா டேப்பு. மொத்த வீட்லயும் உருப்படியா நான் செஞ்ச வேலை இதான்னு அப்பா சொல்றாரு, அதுல மத்த வேலைகளுக்கான விமர்சனமும் இருக்கு.

சரி, எங்க ரூமுக்கு வர்றேன். இந்த தடவ கடைக்கு போகல. வயர்ல தொங்கவிடற ஒரு பெண்டன்ட் ஹோல்டர், பத்து மீட்டர் வயர், ஒரு பிளக்கு, ரெண்டு பல்பு, ஒண்ணு 2700 கெல்வின், இன்னொண்ணு வழக்கமான 6500. கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு, எண் குறைஞ்சா மஞ்சள், கூடினா வெள்ளை. அவ்ளோதான். ஒரு வாரம் அந்த ஹோல்டர கட்டில் தலைமாட்டுல, சேர் மேல, அலமாரி கைப்பிடில, சுவத்து ஆணியிலன்னு மாத்தி மாத்தி தொங்கவிட்டு படுத்துப் பாத்தேன். வீட்டுக்காரம்மா முதல் நாள் பைத்தியமான்னு கேட்டாங்க, மூணாம் நாள் அவங்களே "இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, கண்ணுல அடிக்குது"ன்னு டைரக்‌ஷன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. வீடு கட்டறவங்க, வாடகை வீட்ல இருக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது இது ஒண்ணுதான், ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஹோல்டர் வேலைய பண்ணிப் பாருங்க.

இந்த கெல்வின் விஷயத்துல எங்க வீட்ல பெரிய சண்டை. நம்ம ஊர்ல வெளிச்சம்னாலே வெள்ளைதான். எலக்ட்ரீஷியன் அண்ணன் "வார்ம்லாம் ஹோட்டலுக்குதான் சார், வீட்ல போட்டா டல்லடிக்கும்"னாரு. அப்பா "மஞ்ச காமாலை வந்த வீடு மாதிரி இருக்கு"ன்னாரு. அந்த மனநிலை எங்கேர்ந்து வந்துச்சுன்னும் புரியுது. ஒரு காலத்துல குண்டு பல்பு இருந்தா சாதா வீடு, ட்யூப்லைட் இருந்தா வசதியான வீடு, சமையக்கட்டுல குண்டு பல்பு, ஹால்ல ட்யூப்லைட்டு. வெள்ளை வெளிச்சம்னா முன்னேற்றம். ஆனா அதே குண்டு பல்பு 2700 கெல்வின்தாங்க, விளக்கு தீபம் அதுக்கும் கீழ 1900 பக்கம். ராத்திரின்னா மஞ்சள்னு பழகின கண்ணுதான் நமக்கு, நடுவுல வந்தது இந்த வெள்ளை.

கண்ணுல பாக்கறதுக்கான செல்லுங்க போக, பகலா ராத்திரியான்னு மூளைக்கு சொல்றதுக்குன்னே தனியா ஒரு வகை செல்லு இருக்குன்னு 2002 வாக்குல விஞ்ஞானிங்க உறுதிப்படுத்தினாங்க. அது 480 நானோமீட்டர் பக்கம் இருக்கற நீல வெளிச்சத்துக்குதான் ரொம்ப துடிக்கும், அந்த வெளிச்சம் பட்டா பகல்னு எடுத்துக்கிட்டு தூக்க ஹார்மோன் மெலடோனின அமுக்கிரும். வெள்ளை எல்இடி-ங்கறதே நீல எல்இடி மேல மஞ்சள் பாஸ்பர் பூசினதுதான். அந்த நீல எல்இடிய கண்டுபிடிச்சதுக்கு ஜப்பான்ல பிறந்த மூணு பேருக்கு 2014ல நோபல் குடுத்தாங்க, நியாயமான பரிசு, கரண்ட் பில்லு எவ்ளோ குறைஞ்சுச்சு. ஆனா 6500 கெல்வின்ல அந்த நீலம் தூக்கலா இருக்கும், 2700ல கம்மி. அதுக்காக மஞ்ச லைட்ட ஆறு போட்டு பிரகாசமா எரியவிட்டா தூக்கம் வரும்னு இல்ல, அளவும் முக்கியம். பத்து மணிக்கு மேல மூஞ்சிக்கு நேரா போன வச்சுக்கிட்டு லைட்ட குறை சொல்றதும் நியாயம் இல்ல. அத வீட்டுக்காரம்மாவே எனக்கு சொல்லிட்டாங்க.

மஞ்சளுக்கு இன்னொரு லாபம், மழை விட்ட சாயங்காலம் ஈசல் வருமே, வெள்ளைக்கு மொய்க்கிற அளவு மஞ்சளுக்கு மொய்க்கல. நானே பாத்தது, பக்கத்து ரூம்ல தரை முழுக்க ரெக்கை, எங்க ரூம்ல பத்து பதினைஞ்சு.

கடைசில என்ன பண்ணினோம்னா, ஆறு டவுன்லைட்ல நாலையும் கழட்டியாச்சு, அலமாரி முன்னாடி இருந்த ரெண்ட மட்டும் விட்டோம். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் சுவத்துல வால் லைட்டு. எவ்ளோ உயரத்துலங்கறது கேள்வி. பில்டர் விட்டிருந்த பாயிண்ட் ஏழு அடில இருந்துச்சு, அது ட்யூப்லைட்டுக்கான உயரம். எலக்ட்ரீஷியன் அஞ்சரை அடி போடலாம்னாரு. நான் வீட்டுக்காரம்மாவ தலகாணில சாஞ்சு புக்கு படிக்கிற மாதிரி உக்கார வச்சு டேப் வச்சு அளந்தேன், தரைலேர்ந்து கண்ணு வரைக்கும் 49 இஞ்ச். ஷேடோட அடிப்பகுதி அந்த மட்டத்துக்கு வந்தா பல்பு கண்ணுக்கு தெரியாது, புக்குல வெளிச்சம் விழும். மெத்தை 8 இஞ்சா 6 இஞ்சாங்கறதெல்லாம் சேந்துதான் அந்த 49, அதனால எங்க அளவ அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க கட்டில்ல உங்க ஆள உக்கார வச்சு அளங்க. புது மெத்தை வாங்கப்போறீங்கன்னா முதல்ல மெத்தை, அப்புறம் லைட்டு.

ரெண்டு லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச், படுத்த கைக்கு எட்டற மாதிரி. இதுல ஒரு தடவ ஏமாந்தேன். ஒரே சுவிட்ச்ல ரெண்டையும் குடுத்துட்டாரு, "ரெண்டும் ஒண்ணாதானே சார் எரியணும், அழகா இருக்கும்ல". அழகுக்கா போடறோம், நான் பதினோரு மணி வரைக்கும் படிப்பேன், அவங்க பத்துக்கு தூங்கிருவாங்க, அதுக்குத்தானே இவ்ளோ பாடு. திரும்ப பிரிச்சு மாத்த சொன்னேன், முகத்த சுளிச்சுக்கிட்டே பண்ணினாரு, நல்ல மனுஷன்தான். மெயின் வெளிச்சத்துக்கு டூ வே சுவிட்ச், மாடிப்படிக்கு போடுவாங்களே அதே, கதவுகிட்ட ஒண்ணு தலைமாட்டுல ஒண்ணு. கதவுகிட்ட போட்டுட்டு உள்ள வந்து படுத்தப்புறம் அணைக்கலாம். இதுக்கு கூடுதலா வயர் ஓடணும், எங்களுக்கு சுவத்துல காடி வெட்ட வேண்டியதாப்போச்சு, அந்த செங்கல் தூசி இன்னும் அலமாரிக்குள்ள துணி மடிப்புல இருக்கு. புதுசா வீடு கட்டறவங்க சுவர் பூசறதுக்கு முன்னாடியே தலைமாட்டு ரெண்டு பக்கமும் பைப் போட்டு பாக்ஸ் விட்டுருங்க, அப்ப சில நூறு ரூபா வேலை, எனக்கு ரெண்டு நாள் கூலி.

இப்ப ஸ்ட்ரிப் லைட் ராமாயணம். கோவ்ல ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தது 12 வோல்ட் வெள்ளை ஸ்ட்ரிப்பு, சுத்தளவு 12 மீட்டருக்கு மேல, அஞ்சஞ்சு மீட்டர் ரோல வாலோட வாலா ஒட்டி ஒரே முனைல கரண்ட் குடுத்திருந்தாங்க. ஆரம்பத்துல பளிச்சுன்னும் போகப்போக மங்கி கடைசி மூலைல அழுது வடிஞ்சும் எரியும். வோல்டேஜ் வழியிலயே தேஞ்சு போறதுதான் காரணம். சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போய் 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கினேன், மீட்டருக்கு 120 எல்இடி, 3000 கெல்வின். வீட்டு கரண்ட 24 வோல்ட்டா மாத்திக் குடுக்கற பெட்டிக்கு டிரைவர்னு பேரு, ஒவ்வொரு ரோலுக்கும் அதுலேர்ந்து தனி வயர் இழுத்தாச்சு, இப்ப நாலு பக்கமும் ஒரே மாதிரி எரியுது. மீட்டருக்கு 60 இருக்கறது விலை கம்மிதான், ஆனா கோவ் குறுகலா இருந்தா சீலிங்ல புள்ளி புள்ளியா தெரியும், அதுவும் பெயின்ட் பளபளப்பா இருந்துட்டா கேக்கவே வேணாம், கண்ணாடி மாதிரி ஒவ்வொரு புள்ளியையும் காட்டிக்குடுக்கும். சீலிங்குக்கு மேட் பெயின்ட்தான்.

டிரைவர் விஷயத்துல ரெண்டு சொல்லணும். மொத்த ஸ்ட்ரிப்பும் எவ்ளோ வாட்டோ அதுக்கு மேல கால் பங்காவது கூடுதலா டிரைவர் போடுங்க, விளிம்புல ஓட்டினா சூடாகி சீக்கிரம் போயிரும். ரெண்டாவது, கை எட்டற இடத்துல வைங்க. எல்இடி பல வருஷம் வரும்னு டப்பால போட்டிருக்கறது எல்இடிக்கு, முதல்ல சாகறது டிரைவருதான். பழைய டிரைவர ஜிப்சத்துக்கு உள்ள போட்டு மூடிட்டாங்க எங்க வீட்ல, எடுக்கறதுக்கு டவுன்லைட் ஓட்டை வழியா கைய விட்டு துழாவினோம், அதுகூட ஓட்டை இருந்ததால. இப்ப அலமாரி லாஃப்ட் மேல உக்காந்திருக்கு. அப்புறம் கோவ்ல சும்மா பசைய நம்பி ஒட்டாதீங்க, சித்திரை வெயில்ல உருகி தொங்குது. அலுமினிய சேனல்ல வைங்க. சேனல் இருந்தா துடைக்கவும் வசதி, மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஏறி துடைச்சே ஆகணும், தூசி, பூச்சி, எங்க வீட்ல ஒரு பல்லி குடும்பமே அங்க இருக்கு. வெதுவெதுப்பா இருக்குல்ல அதுங்களுக்கு. சாயங்காலம் லைட்ட போட்டா அது நிழல் முதலை மாதிரி சீலிங்ல ஊரும்.

அலமாரி முன்னாடி மட்டும் மஞ்சள் வேணாம்னு விட்டோம். மஞ்ச வெளிச்சத்துல நேவி ப்ளூ சாக்ஸும் கருப்பு சாக்ஸும் ஒண்ணு, ஆபீஸ்ல ஒருநாள் ஒரு கால்ல ஒரு கலர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு பிளவுஸ் மேட்சிங் பிரச்சனை, அதுல விளையாட முடியாது. அங்க 4000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல இருக்கறதா பாத்து வாங்கினோம். சிஆர்ஐங்கறது வெளிச்சம் துணியோட கலர எவ்ளோ உண்மையா காட்டுதுங்கற மார்க்கு, நூத்துக்கு. சாதா பல்பு 80 பக்கம் இருக்கும், அரக்கும் மெரூனும் அதுல கலந்துபோகும். லைட்டு உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கக்கூடாது, அப்படி இருந்தா அலமாரிய திறந்ததும் உங்க நிழல்தான் துணி மேல விழும், உங்களுக்கும் அலமாரிக்கும் நடுவுல இருக்கணும். கண்ணாடிக்கும் அதே மாதிரிதான், தலைக்கு மேலேர்ந்து அடிச்சா கண்ணுக்கு கீழ கருவளையம் வந்து பத்து வயசு கூட காட்டும். ரெண்டு பக்கமும் மூஞ்சி உயரத்துல வச்சா நல்லா தெரியும்.

ஸ்மார்ட் பல்ப பத்தியும் சொல்லிடறேன். தலைமாட்டுல எம்பக்கம் ஒண்ணு போட்டேன், போன்ல கலர் மாத்தலாம், குறைக்கலாம், ஜாலியா இருந்துச்சு. ஆடி மாசம் ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு கரண்ட் போச்சு, பத்து நிமிஷத்துல வந்துச்சு, வந்ததும் அணைச்சு வச்சிருந்த பல்பு முழு வெள்ளைல தலைக்குப் பக்கத்துல பத்திக்கிச்சு. ரெண்டு பேரும் எழுந்து உக்காந்துட்டோம், திருடன்னு நினைச்சேன் ஒரு செகண்டு. கரண்ட் திரும்ப வந்தா பழைய நிலையிலயே இருன்னு செட்டிங்ல ஒண்ணு இருக்கும் பல பல்புல, வாங்கின அன்னைக்கே அத மாத்திருங்க. இல்லாத பல்பா இருந்தா பெட்ரூம்ல வேணாம். இன்வெர்ட்டர் லைன்ல எந்த லைட்ட குடுக்கறதுன்னு யோசிக்கறப்பவும் அவசரத்துக்கு பெரிய லைட்டதான் குடுக்கத் தோணும், நாங்க வால் லைட் ஒண்ணும் கட்டிலடி ஸ்ட்ரிப்பும்தான் குடுத்திருக்கோம், போதுது.

குறைக்கணும்னு ஃபேன் ரெகுலேட்டர பல்புக்கு போட்டுறாதீங்க, எங்க எலக்ட்ரீஷியனே அத சொன்னாரு "ட்ரை பண்லாம் சார்"னு. சாதா எல்இடி அதுல மினுக்கி மினுக்கி செத்துப்போகும், டிம்மபிள்னு டப்பால எழுதியிருந்தா மட்டும்தான், அதுக்குன்னு இருக்கற டிம்மரோட. மினுக்குதான்னு கண்ணுக்கு தெரியலன்னா போன் கேமராவ ஸ்லோமோஷன்ல வச்சு பல்ப படம் புடிங்க, மட்டமான பல்பு பட்டை பட்டையா வெட்டும். கடையிலயே பண்ணிப் பாக்கலாம், கடைக்காரர் கொஞ்சம் மொறைப்பாரு, பரவால்ல.

இன்னொரு பேய்க்கதை. வால் லைட் மாட்டின அன்னைக்கு ராத்திரி அணைச்சப்புறமும் லேசா மினுமினுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, பல்பு கெட்டுப்போச்சுன்னு மாத்தினேன், அதுவும் அப்படியே. காரணம் என்னன்னா சுவிட்ச்ல சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருக்குமே, அது வழியா கசியற துளி கரண்டே எல்இடிக்கு போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டேன், என் பக்கம் நின்னுச்சு, அவங்க பக்கம் நிக்கல. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வச்சுப் பாத்தா அங்க பேஸுக்கு, அதாவது கரண்ட் வர்ற வயருக்கு, பதிலா நியூட்ரல், அதாவது திரும்பிப் போற வயர், சுவிட்ச்ல வந்திருக்கு. அப்படி இருந்தா லைட் அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்பு மாத்தறப்ப கை பட்டா அடிக்கும். அதனால அணைச்சப்புறமும் மினுக்கினா அலட்சியமா விடாதீங்க, ஆள கூப்பிட்டு பாத்துருங்க.

செலவுன்னு பாத்தா வால் லைட் ரெண்டும் ஆயிரத்து எண்ணூறு, ஸ்ட்ரிப்பு, சேனல், டிரைவர் எல்லாம் சேந்து ஐயாயிரத்து சொச்சம், மிச்சம் கூலியும் பட்டியும் சுவிட்சும். கழட்டின நாலு டவுன்லைட்ட பால்கனிக்கும் சர்வீஸ் ஏரியாவுக்கும் குடுத்தாச்சு, துணி காயப்போட இப்ப ஸ்டேடியம் மாதிரி வெளிச்சம். அப்பா இன்னும் எங்க ரூமுக்குள்ள வந்தா "என்னடா இருட்டா இருக்கு"ன்னு கேட்டுட்டுதான் பேசவே ஆரம்பிப்பாரு, ஆனா மத்தியானம் தூங்க வர்றது எங்க ரூமுக்குதான்.

நாலு ஓட்டையையும் ஜிப்சம் துண்டு வச்சு அடைச்சு, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சாச்சு. மூணு தெரியவே தெரியாது. நாலாவது மட்டும் பெயின்ட் ஷேடு ஒரு மாத்து குறைஞ்சு, கோவ் லைட் போட்டதும் சாயங்கால நிலா மாதிரி வட்டமா தெரியுது. நின்னுக்கிட்டு பாத்தா தெரியாது. படுத்தா தெரியும்.